செதில்

புகார் விடியுமுன்னே வந்துவிட்டது.
எந்த மாடியிலிருந்து, எந்த மொழியில் சொன்னார்களோ,
என் கையிலிருக்கும் கருவிக்கு மூன்று சொல்லாக வந்து சேர்ந்தது:
வாகனம். கழுவுதல். துர்நாற்றம்.

பூன் லே. புளோக்குக்குப் பின்னால் கார்பேட்டை.
அங்சானா மரம் இரவெல்லாம் கொட்டிய மஞ்சள்
வெள்ளை வேனின் கூரையில் ஒட்டிக் கிடந்தது.
பின்கதவு திறந்திருக்க
இளஞ்சிவப்புத் தண்ணீர் கட்டத்தின் கோட்டைத் தாண்டி,
அடுத்த இடத்தில் நிற்கும் புதுக்காரின் சக்கரத்தை
முகர்ந்து பார்த்துவிட்டு
கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

"கழுவலம்மா. தொடைக்கிறேன்."

இரண்டு வாளி. ஒரு தும்புப் பிரஷ்.
முழங்கை வரை நுரை.

துடைத்தல் எங்கே முடிகிறது,
கழுவுதல் எந்தக் குவளையில் தொடங்குகிறது?
பயிற்சி வகுப்பில் யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை.
கழுவுற மீனில் நழுவுற மீன் என்று
தொடக்கப்பள்ளித் தேர்வில் கோடிட்ட இடம் நிரப்பினேன்.
முப்பது வருடம் கழித்து அது எதிரே நின்று
என் மார்புப் பட்டையைப் படித்து
"குமுதவல்லியம்மா" என்கிறது.

அவர் பெயர் எனக்குத் தெரியாது.
கருவியில் அதற்குக் கட்டம் இல்லை.
வண்டி எண் போதும்.

மூன்று படம் எடுக்க வேண்டும்:
எண், இடம், செய்கை.
செய்கை என்றால் கை அசைய வேண்டும்.
அவர் நிறுத்திவிட்டார்.
நானும் கருவியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.
நுரை மட்டும் தன்பாட்டுக்கு
கதவு வழியே இறங்கிக்கொண்டிருந்தது.
மைனா ஒன்று வந்து எதையோ கொத்திப் பார்த்துப் போனது.
ஒரு நிமிடம் இருக்கும். இரண்டாகவும் இருக்கலாம்.

"சரி எடுங்க. மணி ஏழாவுது,
தெம்பனிஸ் கடைக்காரன் காத்திருப்பான்."
பிரஷைத் தூக்கினார்.
கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பவர்போல
வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டார்.

தாள் இளஞ்சூடாக வெளியே வந்தது.
"கை ஈரம்மா. வைப்பர்லயே வச்சிருங்க."
வைத்தேன்.
ஈரக் கண்ணாடி அதை
முத்திரை மாதிரி ஒட்டி வாங்கிக்கொண்டது.

பிறகுதான் அவர் உண்மையாகவே கழுவத் தொடங்கினார்.
"காசு வாங்கிட்டீங்கல்ல, முழுசா முடிச்சிக்கிறேன்."
சக்கரம், கூரை, கதவிடுக்கு,
முன்பு தொடாத இடமெல்லாம்.
வாங்கியது நானில்லை என்று சொல்ல நினைத்தேன்.
ஒரே குற்றத்தை எவ்வளவு நேரம் செய்யலாம்?
மேலாளரைக் கேட்டால்
மின்னஞ்சலில் கேள் என்பார்.

அடுத்த வரிசைக்கு நடந்தேன்.
அங்கே ஒருவன் என்னைக் கண்டதும்
பானெட்டை மெதுவாக இறக்கி,
ஸ்பேனரைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு,
அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.
தரையில் புதிய எண்ணெய்ப் பொட்டு.
அவன் காதோரத்தில் கரி.
நான் கண்டது
ஒரு மனிதன் வானம் பார்ப்பதை மட்டுமே.
அதற்கு எழுத முடியாது.
வானத்தில் ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன்.

ஆக, நழுவியது இந்த மீன்தான்.
அந்த மீன் நின்று படம் எடுத்துக்கொண்டது.

மாலை எம்ஆர்டியில் எனக்குப் பக்கத்து இருக்கை
ஜூ கூன் வரைக்கும் காலியாகவே வந்தது.
நான் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தேன்.
வீட்டில் காலுறையைக் கழற்றும்போது
கணுக்காலில் ஒரு செதில்.
விரல்நகம் அளவு, விளக்கடியில் வெள்ளி.
சுரண்டினேன், வரவில்லை.

குளியலறைக்குப் போய்க்
குழாயைத் திறந்தேன்.
துடைத்தால் போகாது,
கழுவத்தான் வேண்டும்.